கஸ்பார் வண்டியின் துரு

இந்த போல்ட்டாவது இறுகியிருக்கும் என்று நினைத்தேன். ஸ்பேனரை மாட்டி, காலை மண்ணில் ஊன்றி, மூச்சைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தலாம் என்று பார்த்தால் அழுத்தவே தேவையில்லை, கூப்பிட்டதும் எழுந்து வருகிற ஆள் மாதிரி தானாகச் சுற்றிக்கொண்டு வெளியே வருகிறது. மரை முழுக்க கிரீஸ். பதினெட்டு வருஷத்து வண்டி, உப்புத்தண்ணீர் சொட்டச் சொட்ட மீனும் ஐஸும் சுமந்த பிக்கப், இதில் ஒரு போல்ட் இவ்வளவு சுளுவாகக் கழன்று வருவது என்ன நியாயம். இது ஏழாவது. ஏழும் இப்படித்தான். ஒவ்வொன்றையும் கழற்றி, துடைத்து, கிரீஸ் தடவி, திரும்ப மாட்டியிருக்கிறான் கஸ்பார். அவன் செத்து ஆறு வருஷம் ஆகிறது, அவன் தடவிய கிரீஸ் இன்னும் என் விரலில் ஒட்டுகிறது. நான் இன்னாசிமுத்து. அவன் பெண்டாட்டியை நாலு வருஷத்துக்கு முன்னால் கோயிலில் வைத்துக் கட்டிக்கொண்டவன், அவன் வண்டியை ஓட்டுகிறவன், அவன் வீட்டில் படுக்கிறவன். இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐஸ் கம்பெனிச் சுவர் ஓரம் மல்லாக்கப் படுத்துக்கொண்டு அவன் வண்டியின் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பொறாமை என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். ஆனால் பொறாமைதான். செத்தவன் மேல் பொறாமைப்படுவதில் ஒரு கஷ்டம் உண்டு, அவன் இனிமேல் ஒரு தப்பும் செய்ய மாட்டான். ஏற்கெனவே செய்த தப்பைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். ஒரு மணிக்கு ஜெசிந்தா, அப்போது அவன் பெண்டாட்டி, இப்போது என் பெண்டாட்டி, சோறு கொண்டுவருவாள். அதற்குள் ஒன்று, ஒரே ஒன்று, அகப்பட்டால் போதும்.

புதன்கிழமை எஃப்.சி., வண்டிக்குத் தகுதிச் சான்று கொடுக்கிற ஆய்வாளர் வந்து சுற்றிப் பார்ப்பார், மேலே பளபளப்பைப் பார்க்கிற ஆள் இல்லை இந்த முறை வந்திருக்கிறவர், கையில் ஸ்குரூடிரைவர் வைத்துக்கொண்டு குத்திப் பார்க்கிறாராம், அது தகரத்துக்குள்ளே போய்விட்டால் சான்று கிடையாது, வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான். போன தடவையும் அதற்கு முந்தின தடவையும் மேலே பட்டி பூசி, பெயின்ட் அடித்து ஒப்பேற்றியாயிற்று. பூசிய பட்டிக்குக் கீழே துரு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வளர்ந்திருக்கிறது, பின்சக்கரத்து மட்கார்டில் கொப்புளம் கொப்புளமாகத் தெரிகிறது. எங்கள் ஊர் கோவில்பட்டிப் பக்கம். கரிசல்காட்டில் இரும்பு துருப்பிடிக்கக் காலம் எடுத்துக்கொள்ளும், மழை பெய்தால் உண்டு, பெய்யாவிட்டால் இல்லை. இந்தத் தூத்துக்குடியில் காற்றே இரும்பைத் தின்கிறது. சுத்தியலால் தட்டிக்கொண்டே வருகிறேன். நல்ல தகரம் டங்கென்று சொல்லும், செத்த தகரம் தொப்பென்று சொல்லும், காதைக் கொடுத்தால் போதும். டங், டங், டங். மட்கார்டின் உள்புறம் சிவப்பாக இருப்பதைப் பார்த்ததும் துரு என்று சந்தோஷப்பட்டு உப்புத்தாளைத் தேய்த்தேன், தேய்த்தால் அது துருவில்லை, துருப்பிடிக்காமல் இருக்க அடிக்கிற ரெட் ஆக்சைடு. அவன் அடித்தது. இரண்டு கோட்டு. பிரஷ் போன தடம்கூட ஒரே பக்கமாக இருக்கிறது. கொப்புளம் வந்ததெல்லாம் வெளியே, நான் பூசிய பட்டிக்கு அடியில், தேய்க்காமல் கொள்ளாமல் அவசரத்தில் நான் பூசினேனே அங்கே. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு துரு எடுக்கிற ஆசிட்டைத் தடவி வைத்திருக்கிறேன், என் பங்கு துரு நுரைத்துக்கொண்டிருக்கிறது. அடிச்சட்டத்து சேஸுக்குள் விரலை விட்டேன், பழைய என்ஜின் ஆயில் வழுவழுவென்று வருகிறது, அதையும் அவன்தான் உள்ளே பீச்சியடித்திருக்கிறான், நல்லவேளை அவன் உயிரோடு இல்லை என்று ஒரு நினைப்பு வந்தது, உடனே சிலுவை போட்டுக்கொண்டேன், கையில் இருந்த ஆயில் நெற்றியில் அப்பிக்கொண்டது.

நல்ல தண்ணீரில் கழுவுவானாம். லோடு இறக்கிவிட்டு வந்ததும் அடியில் குனிந்து, குடிதண்ணீருக்கே குடத்தோடு நிற்கிற தெருவில், ஒரு குடம் நல்ல தண்ணீரை வண்டியின் அடிப்பக்கம் ஊற்றாமல் வீட்டுக்குள் நுழைய மாட்டானாம். மீன் ஏலக்கூடத்தில் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள், கேட்காமலேயே சொல்வார்கள். நான் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கஸ்பார் வண்டி வந்துட்டு, கஸ்பார் வண்டிக்கு வழி விடு என்று சத்தம் போடுவார்கள். நாலு வருஷமாக டீசல் போடுகிறவன் நான், டயர் மாற்றுகிறவன் நான், விடிவதற்கு முன்னால் எழுந்து ஓட்டுகிறவன் நான், வண்டி கஸ்பார் வண்டி. எனக்கே கஸ்பார் வண்டி டிரைவர் என்றுதான் பேர். சீட் ஒன்று போதாதா. அவன் நெட்டையன், காலை நீட்டி ஓட்டுகிறவன், சீட்டைப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறான், சீட் நகர்கிற பாதை மட்டும் அங்கேயே துருப்பிடித்து நின்றுவிட்டது. மற்ற எல்லாவற்றுக்கும் கிரீஸ் போட்டவனுக்கு அதற்கு மட்டும் போடத் தோன்றவில்லை, இன்னொருத்தன் உட்காருவான் என்று தோன்றினால்தானே. நான் முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு பிரேக்கை எட்டி மிதிக்கிறேன். சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினால் சீட் முன்னால் வந்துவிடும். நாலு வருஷமாகத் தட்டவில்லை. ஜெசிந்தா பக்கத்தில் உட்கார்ந்து வருகிற நாட்களில் அந்தத் தலையணையை அவள் பார்க்கிறாளா என்று நான் பார்ப்பேன். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வருவாள். இதை ஒரு தப்பு என்று அவளிடம் காட்ட முடியாது. கேட்டால் சிரிப்பாள்.

சிரிப்பு என்றதும் அந்த ஞாபகம் வந்துவிட்டது, வராமல் இருக்காது, நாளைக்கு ஒரு தடவையாவது வந்துவிட்டுத்தான் போகும். கல்யாணமான முதல் வருஷம், நான் சாப்பிட உட்கார்ந்தவன் குழம்பில் கிடந்த மாங்காய்த் துண்டை மீன் என்று நினைத்து முள் எடுக்கப் பார்த்தேன். ஜெசிந்தா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்புக்கு நடுவில் “அவியளும் இப்படித்தான்” என்றாள். என்றவள் நிறுத்திக்கொண்டாள். இப்படித்தான் என்றால் எப்படி. அவனும் மாங்காயில் முள் எடுத்தானா. அல்லது அவனும் இப்படிச் சிரிக்க வைப்பானா. அல்லது சாப்பிடும்போது மூக்கு வேர்க்குமா. மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது, அந்தப் பாதி வாக்கியத்தை நான் எத்தனை விதமாக முடித்துப் பார்த்திருக்கிறேன், ஒன்றும் பொருந்தவில்லை, எல்லாம் பொருந்துகிறது. அவள் அவனைப் பற்றிப் பேசுகிறவள் இல்லை. அதுதான் என்னைத் தின்கிறது. பேசினால் ஒரு நாள் குறை சொல்வாள், மனுஷன் என்றால் குறை இருக்கும், குடிப்பான், குறட்டை விடுவான், கோபத்தில் தட்டைத் தள்ளுவான். பேசாமல் இருந்தால் அவன் சுவரில் மாட்டிய படத்தில் இருக்கிற மாதிரியே சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டு இருப்பான். அவள் மனசில் அவன் எந்த இடத்தில் இருக்கிறான், நான் அதற்குப் பக்கத்திலாவது இருக்கிறேனா, வாசலில் இருக்கிறேனா, இது ஒன்றுதான் எனக்குத் தெரியவேண்டும். பங்குச்சாமி சொல்லித்தான் கட்டிக்கொண்டாள். வண்டிக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது, எனக்கு ஒரு வீடு வேண்டியிருந்தது. அப்படித்தான் ஆரம்பித்தோம். எனக்கு மட்டும் அது அப்படியே நிற்கவில்லை.

நேற்றுச் சாயங்காலம் சொன்னேன், நாளைக்கு வண்டிக்கு அடியில் முழுசாகப் பார்க்கப் போகிறேன், துருப்பிடித்ததை எல்லாம் வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகரம் வைக்கணும் என்று. அவள் சாளை அலசிக்கொண்டிருந்தாள். கை நின்றது. “மட்கார்டு, பாடி, அதெல்லாம் பாருங்க. படிக்குக் கீழ நீட்டமா பெட்டி மாதிரி இருக்குலா, அதுல கை வைக்காதிய” என்றாள். ஏன் என்றேன். “அது நல்லாத்தான் இருக்கும். அது அப்படியே இருந்துட்டுப் போட்டும்” என்று மறுபடி சாளையைத் தேய்த்தாள், செதில் போன மீனையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இது முதல் தடவை இல்லை. போன வருஷமும் சொன்னாள், அதற்கு முந்தின வருஷமும். மற்ற இடத்தை வெட்டலாம், கொத்தலாம், அந்த இடத்தை மட்டும் தொடக்கூடாது. கல்லறைத் திருநாளுக்குக் கல்லறையைக் கழுவி மாலை போடுகிறாள், சரி, எல்லாரும் போடுகிறார்கள். வண்டியில் ஒரு கல்லறை எதற்கு. அவன் கடைசியாகக் கை வைத்த இடமாக இருக்கும். அவன் கைரேகை இருக்கும் அதில். அவள் அதைத்தான் காப்பாற்றுகிறாள், வண்டியை இல்லை, எஃப்.சி.யை இல்லை. ராத்திரி பூரா அந்தப் பெட்டிதான் கண்ணில் நின்றது. காலையில் முதல் பூசைக்குப் போனேன், சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அப்பத்தை நாக்கில் வாங்கும்போதுகூட அந்தப் பெட்டியை எந்த உளியால் திறப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆகையால் மற்ற எல்லாவற்றையும் முடித்துவிட்டு, வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்துவிட்டு, இப்போது அந்த இடத்துக்கு வந்திருக்கிறேன். டிரைவர் பக்கத்துப் படிக்குக் கீழே. கறுப்புப் பெயின்ட் தடிமனாக இருக்கிறது. தட்டினேன். தொப். இன்னொரு தடவை தட்டினேன். தொப்புகூட இல்லை, சத்தமே இல்லை, மெத்தையைத் தட்டின மாதிரி. நகர்ந்து தட்டினேன், ஒரு முழம் நீளத்துக்குச் சத்தம் இல்லை. ஸ்குரூடிரைவரால் ஒரு குத்து. பிடி வரைக்கும் உள்ளே போயிற்று. சிரித்துவிட்டேன். தனியாகப் படுத்துக்கொண்டு, மூஞ்சியெல்லாம் துருத்தூள் விழ, கெக்கெக்கே என்று சிரித்தேன், சுவர் மேலிருந்த காக்கா எழுந்து போயிற்று. உளியால் நெம்பினேன். பெயின்ட் பாளம் பாளமாக வந்தது, தகரம் அதோடு சேர்ந்து வந்தது, அதற்குப் பின்னால் என்ன இருந்தது தெரியுமா, பஞ்சு. பஞ்சைத் திரியாகத் திரித்துத் திணித்து வைத்திருக்கிறது, அது மேல் பழுப்பாகப் பிசின் மாதிரி ஏதோ ஊற்றி இறுக்கி, அதற்கு மேல் பெயின்ட். பஞ்சு ஈரமாக இருந்தது. பிழிந்தால் தண்ணீர் வந்தது, நக்கிப் பார்க்கத் தேவையில்லை, உப்பு. உள்ளே விழுகிற தண்ணீர் வடிவதற்குக் கீழே மூன்று ஓட்டை இருக்கும், கம்பெனிக்காரன் வைத்து அனுப்புவது, அந்த மூன்றையும்கூட அடைத்திருக்கிறது. உப்புத்தண்ணீரை உள்ளே வாங்கிப் பூட்டி வைத்தால் இரும்பு என்ன செய்யும். வண்டி பற்றி ஒன்றும் தெரியாதவன்கூட இப்படிச் செய்யமாட்டான். கஸ்பாரே, கஸ்பாரே, போல்ட்டுக்கெல்லாம் கிரீஸ் தடவின உத்தமனே, இதுவா உன் லட்சணம்.

முகர்ந்து பார்த்தேன். கோயில் வாசனை அடித்தது. சாம்பிராணியா, அதுமாதிரி ஒன்று, பூசையில் தூபக்கால் ஆட்டும்போது வருகிற வாசனை. அவன் செய்த ஏமாற்று வேலையில்கூடக் கோயில் வாசனை அடிக்கிறதே என்று ஒரு கணம் பயமாக இருந்தது. அப்புறம் பயத்தை உதறிவிட்டுப் போனை எடுத்தேன். சுடலைமணி அண்ணாச்சிக்கு. தகரம் வெட்டி ஒட்டுகிற டிங்கர் அவர், பைபாஸ் ரோட்டில் பட்டறை, ஞாயிற்றுக்கிழமை ஆனதால் வெல்டிங் பெட்டியை இங்கேயே தூக்கிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். நாலு வருஷமாக இந்த வண்டியைப் பார்க்கும்போதெல்லாம், கஸ்பார் கை வச்ச வண்டிவே, நீரு ஓட்டுனா மட்டும் போதும், வேற ஒண்ணும் செய்யாண்டாம் என்பார். நான் ஒன்றும் செய்துவிடக்கூடாது என்று அதற்கு அர்த்தம். “அண்ணாச்சி, சீக்கிரம் வாங்க. கஸ்பாரு செஞ்ச வேலை ஒண்ணு இங்க இருக்கு, நீங்க பாக்கணும்” என்றேன். “என்னவே அப்படி” என்றார். நேரில் பாருங்க என்று வைத்துவிட்டேன். பிறகு படுத்தபடியே ஜெசிந்தாவிடம் எப்படிச் சொல்வது என்று சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் சொல்லாமல் கையைக் காட்டலாம். அல்லது வருத்தமாக, ஐயோ பாவம், அவருக்கு முடியாம இருந்த நேரமா இருக்கும் என்று ஆரம்பிக்கலாம், அதுதான் நல்லது, பெருந்தன்மையாக இருக்கும், கத்தி ஆழமாகவும் போகும். அவள் குனிந்து பார்ப்பாள். பார்த்ததும் அவள் முகத்தில் ஒன்று கழன்று விழும், அதை நான் பார்ப்பேன். இவ்வளவுதானா அவர் என்று ஒரு கணம் நினைப்பாள். அந்த ஒரு கணம் எனக்கு வேண்டும். அதற்காக நான் ஒரு மனுஷனுடைய பேரைக் கெடுக்கிறேன் என்று தெரிகிறது. செத்தவனுக்குப் பேர் எதற்கு என்றும் தோன்றுகிறது.

செருப்புச் சத்தம். அவள் நடை எனக்குத் தெரியும், இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைப்பாள். மணி பன்னிரண்டரைகூட ஆகவில்லை. வண்டிக்கு அடியிலிருந்து பார்க்கும்போது அவள் பாதமும் தூக்குச்சட்டியின் அடியும் மட்டும் தெரிந்தன. பாதம் நின்றது. மண்ணில் நான் குவித்து வைத்திருந்த பஞ்சுக்குப் பக்கத்தில் நின்றது. நான் ஒத்திகை பார்த்ததை எல்லாம் மறந்துவிட்டு, வெளியே தலையை நீட்டி, “பாத்தியா உங்க ஆளு செஞ்ச வேலைய” என்று சொல்லிவிட்டேன். உங்க ஆளு என்று. நாலு வருஷமாகப் பல்லுக்குப் பின்னால் வைத்திருந்த வார்த்தை. “பஞ்ச வச்சு அடைச்சிருக்காரு. எந்தக் கிறுக்கனாவது தகரத்துல பஞ்ச வைப்பானா. இவருதான் ஊரே மெச்சுன ஆளு.” அவள் தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். சேலை மண்ணில் படுவதைப் பார்க்கவில்லை. ஒரு திரியை எடுத்து விரலுக்கு நடுவில் உருட்டினாள்.

“இது நான் வச்சது” என்றாள்.

எனக்கு முதலில் ஏறவில்லை. அவளே மறுபடியும் சொன்னாள், என்னைப் பார்க்காமல், பஞ்சைப் பார்த்துக்கொண்டு. “அவிய படுக்கையில இருந்தாவ. கிட்னி போயி பத்து மாசம் ஆயிட்டு. கூலி டிரைவர் ஓட்டுனான், கழுவுறதும் இல்ல ஒண்ணும் இல்ல. ஒரு நாள் பாத்தா படிக்குக் கீழ ஓட்டை, கை நுழையிற மாதிரி. அவிய கட்டில்ல படுத்துக்கிட்டே ஜன்னல் வழியா வண்டியப் பாப்பாவ. அடில ஓட்டை கீட்டை விழுந்திருக்கான்னு தினமும் கேப்பாவ. நான் இல்லன்னே சொல்லிட்டு இருந்தேன். எங்க அப்பா வள்ளம் கட்டுற ஓடாவி. ஓட்டைன்னா எனக்குத் தெரிஞ்சது கலப்பத்து ஒண்ணுதான். பலகை இடுக்குல பஞ்சுத் திரிய வச்சு அடிச்சு, குங்கிலியத்த எண்ணெயில காய்ச்சி மேல ஊத்துறது. அவிய தூங்குற நேரமாப் பாத்து மூணு நாள் மத்தியானம் அடில படுத்துக் கெடந்தேன். குங்கிலியம் சொட்டி இந்தா, பாருங்க.” புறங்கையில் ஒரு தழும்பு. நாலு வருஷமாகப் பார்க்கிறேன், அடுப்பில் சுட்டது என்று நினைத்திருந்தேன். “வள்ளம்னா தண்ணியிலயே கெடக்கும், பஞ்சு ஊறி ஊறி இடுக்கை நெருக்கிப் பிடிச்சுக்கிடும். தகரம் அப்படி இல்லன்னு பொறவுதான் புத்தியில ஏறிச்சு. அதுக்குள்ள அவிய போயாச்சு. வண்டி கெட்டியா இருக்குன்னு நெனச்சுக்கிட்டேதான் போனாவ.” கையிலிருந்த திரியைக் குவியல் மேல் வைத்தாள். “நீங்க ஒவ்வொரு வருசமும் தொறக்கணும்னு சொல்லும்போதெல்லாம் அதுல மட்டும் கை வைக்காதியன்னு தட்டிக் கழிச்சேன். அவியளோட வண்டிய நானே அழிச்சிட்டேன்லா. உங்ககிட்ட எப்படிச் சொல்ல.”

நான் வண்டிக்கு அடியிலேயே கிடந்தேன். தலை வெளியே, உடம்பு உள்ளே. வெட்கமாக இருந்தது, நிஜமாகவே வெட்கமாக இருந்தது, கிறுக்கன் என்று சொன்ன வாய் கசந்தது. ஆனால் அதைவிட வேகமாக இன்னொன்று ஏறிக்கொண்டு வந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. மூன்று நாள். மத்தியான வெயிலில், இதேபோல் சூடான மண்ணில், மல்லாக்கப் படுத்து, கையைச் சுட்டுக்கொண்டு, ஒரு மனுஷன் நிம்மதியாகக் கண்ணை மூட வேண்டும் என்பதற்காக. அவன் கிரீஸ் தடவினதற்கெல்லாம் நான் பொறாமைப்பட்டது சும்மா. பொறாமைப்பட வேண்டியது இதற்கு. ஒரு தப்பாவது அகப்படாதா என்று காலையிலிருந்து சுரண்டிச் சுரண்டி, அகப்பட்டது இது. இந்தப் பஞ்சு முழுக்க அவன் மேல் அவள் வைத்திருந்த பிரியம், நான் அதை உளியால் தோண்டி மண்ணில் குவித்திருக்கிறேன். அவள் அதற்குள் ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் சரிந்து படுத்து, மிச்சம் இருந்த திரியை நெம்ப ஆரம்பித்துவிட்டாள். வெல்டிங் நெருப்புப் பட்டால் குங்கிலியம் பற்றிக்கொள்ளும், எல்லாத்தையும் எடுத்துரணும் என்றாள். எங்கே திணித்தாள் என்று அவள் கைக்கு ஞாபகம் இருந்தது. நான் அரை மணி நேரம் பட்ட பாட்டை அவள் இரண்டு இழுப்பில் முடித்தாள். தோள் என் தோளில் இடித்தது. கேட்கக்கூடாது என்று நினைத்தேன். கேட்டால் சின்னத்தனமாக இருக்கும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டிருக்கும்போதே கேட்டுவிட்டேன்.

“எனக்குன்னா செஞ்சிருப்பியா?”

கை நிற்கவில்லை. ஒரு திரியை முழுசாக இழுத்து வெளியே போட்டாள். யோசித்துத்தான் சொன்னாள், அது தெரிந்தது. “செஞ்சிருக்க மாட்டேன்” என்றாள். “உங்களுக்குன்னா, இந்த மாதிரி ஓட்டை விழுந்துட்டு, வந்து பாருங்கன்னு உங்ககிட்டயே சொல்லியிருப்பேன். அவியகிட்ட ஒரு கெட்ட சேதி சொல்ல முடியாது. ரெண்டு நாள் சாப்பிட மாட்டாவ, மூணு நாள் பேச மாட்டாவ. பதினேழு வருசம் நான் ஒரு கெட்ட சேதி அவியகிட்ட சொன்னது இல்ல.” அவ்வளவுதான். அடுத்த ஓட்டைக்கு நகர்ந்துவிட்டாள். செஞ்சிருக்க மாட்டேன் என்பது ஒரு பக்கம் குத்திக்கொண்டே இருந்தது. சொல்லியிருப்பேன் என்பது இன்னொரு பக்கம் எதையோ செய்துகொண்டிருந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். அவள் மனசில் என் இடம் எது என்று நாலு வருஷமாகத் தேடினேனே, அது அவன் இடத்துக்குப் பக்கத்தில் இல்லை, அதற்குப் பின்னால் இல்லை, வேறெங்கோ, கெட்ட சேதி சொல்லக்கூடிய இடத்தில் இருக்கிறது. அது பெரிய இடமா சின்ன இடமா என்று அப்போது சொல்லத் தெரியவில்லை. உனக்குப் பசிக்குதா என்று கேட்டேன். இத முடிச்சிட்டுத் திங்கலாம் என்றாள்.

ஆட்டோ வந்து நிற்கிற சத்தம் கேட்டது. சுடலைமணி அண்ணாச்சி வெல்டிங் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். ஜெசிந்தா சட்டென்று வெளியே வந்து, கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, சுவரோரம் போய் நின்றாள். அவர் படிக்குக் கீழே இருந்த ஓட்டையைப் பார்த்தார், பஞ்சுக் குவியலைப் பார்த்தார், காலால் புரட்டினார். “என்னவே இது. தகரத்துல பஞ்ச வச்சு அடைச்சு, தண்ணி போற ஓட்டையையும் சேத்து அடைச்சு. ஒண்ணாம் நம்பர் கிறுக்கன் வேலையால்ல இருக்கு. இதத்தான் போன்ல சொன்னீரா? கஸ்பாரா செஞ்சான் இத?”

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். நான் அவரைப் பார்த்தேன். காலையிலிருந்து இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

“இல்ல அண்ணாச்சி” என்றேன். “அப்ப சரியாப் பாக்காமச் சொல்லிட்டேன். இது நான் செஞ்சது. வந்த புதுசுல.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டே வயரைப் பிரிக்க ஆரம்பித்தார். “அதானே பாத்தேன்” என்றார். “கஸ்பாரு இப்படிச் செய்யமாட்டான்லா.”

“ஆமா” என்றேன். “அவரு செய்யமாட்டாரு.”